‘ஒருகை’யை இனி யார் பார்ப்பது?

சிங்கப்பூர்
10.2.2008

அன்புத் தங்கை சிஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உம்மாவும் சுகம்தானே? கும்மிடிப்பூண்டி வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

ஒரு விஷயம். ‘ஒருகை’யை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். நீ இடது கையால் மட்டும் தமிழ் அடிப்பதற்காக, நான் கல்லூரியில் படிக்கும்போது எழுதிய மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டேன். இப்போது அதைத் தொட்டே மூன்று வருடமாகிறது. அடுத்த லினக்ஸில் ஓடாது. சரிசெய்யச் சொல்லி யார் யாரோ எழுதுகிறார்கள். பதில் போடவே வெட்கமாக இருக்கிறது.

நீ கவலைப்படாதே. உனக்கு மட்டும் தனியாக ஒன்று சரிசெய்து அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
ரஃபி


கும்மிடிப்பூண்டி
17.2.2008

அன்பு அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பிரசவம் வரை ஜபீன் அண்ணியை மாடிப்படி ஏறவிடக் கூடாதாம். உம்மாவின் உத்தரவு.

எனக்கு மட்டும் தனியாக வேண்டாம் அண்ணா. கோபமில்லை, கேள். எங்கள் கம்பெனி கேட்டில் பச்சையப்பன் என்று ஒருவர் இருக்கிறார். இரும்பு மில்லில் வலது கை விரல்கள் போனவர். ‘ஒருகை’ பழகிய பிறகுதான் லாரிகளுக்கு கேட் பாஸ் அடிக்கும் வேலை கிடைத்தது. புதுக் கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் என்னிடம் வந்தார். “இன்னா சிஃபாம்மா, இருக்கிற ஒரு கையையும் புடுங்கிக்கினு பூடுவாங்களா?” என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரமில்லை என்றால் என்னிடம் கொடு. மாலை வகுப்பில் புரோகிராமிங் படிக்கிறேன். நீ கிண்டல் செய்வாய் என்றுதான் இதுவரை சொல்லவில்லை.

சிஃபா


சிங்கப்பூர்
20.2.2008

சிஃபாம்மா,

கிண்டல் செய்யவில்லை. பயமாக இருக்கிறது. ஏதாவது உடைந்தால் முகம் தெரியாதவர்கள் எல்லாம் உன்னைத் திட்டுவார்கள். நான் வாங்கியது போதாதா?

சரி, பாஸ்வேர்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எதை வைப்பது, எதைத் தூக்குவது, எல்லாம் இனி உன் முடிவு.

ரஃபி


கும்மிடிப்பூண்டி
4.5.2008

அன்பு அண்ணனுக்கு,

புதுப் பதிப்பு வெளியாகிவிட்டது! பச்சையப்பன் அண்ணன் முதலில் தன் பெண்டாட்டி பேரை அடித்துப் பார்த்தார்.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பழைய எழுத்துருக்களை மாற்றித் தரும் பகுதியை எடுத்துவிட்டேன். உன் கோடை விடுமுறை முழுவதையும் விழுங்கிய பகுதி அது. அந்த எழுத்துருக்களை இப்போது யாரும் தொடுவதில்லை. மற்றதையும் ஓடவிடாமல் அதுதான் மறித்துக்கொண்டிருந்தது. அழிக்க மனசு வராமல் ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன்.

போன மாதமே இதைப் பற்றிக் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கோபமா அண்ணா?

சிஃபா


சிங்கப்பூர்
9.5.2008

பராமரிப்பாளர் சிஃபா அவர்களுக்கு,

கோபமெல்லாம் இல்லை. முதலில் கொஞ்சம் வலித்தது. பிறகு நீ எளுதியதைப் படித்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் தூக்கியிருப்பேன், ஆனால் இன்னும் மூன்று வருடம் களித்து.

களுத்து வலிக்கிறது. குளந்தை என் வலது தோளில் தூங்குகிறாள். அசைந்தால் எளுந்துவிடுவாள், அண்ணியும் இப்போதுதான் கண் அயர்ந்தாள். அதனால் உன் புதுப் பதிப்பை இறக்கி, இடது கையால்தான் இதை அடிக்கிறேன்.

‘ழ’ வரவே மாட்டேன் என்கிறது. இந்த ஒன்றை மட்டும் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். சீக்கிரம் பார், தாயே. உம்மாவுக்கு எளுத நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ரஃபி