மறியலில் ஜெனிற்றா

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். வெள்ளவத்தைச் சந்தையில் நல்ல மீன் இல்லை, சாளை மட்டும். குசினிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

பத்திரிகை ஆசிரியர் தந்த வேலை: பெண்கள் கூடைப்பந்து லீக் பற்றி வாரம் ஒரு கட்டுரை. சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் லீக், இங்கே புதுசு. "தமிழ்ப் பிள்ளை ஆரும் இருந்தா பாருங்கோ" என்றார்.

இருக்கிறாள். ஜெனிற்றா, இருபத்திரண்டு வயது, கொட்டாஞ்சேனை. (இனி ஜெ.) புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் காசாளர். அப்பா மரியதாஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கிளப் இவளை மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் எடுத்திருக்கிறது. பிடித்தால் ஒரு வருட ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் திரும்பவும் கடை. கடைக்காரர் இம்மாத முடிவு வரைக்கும்தான் இடம் வைத்திருப்பாராம்.

பின்னேரம் பயிற்சி பார்க்கப் போனேன். நூறாம் இலக்க பஸ், பிறகு ஓட்டோ. குடையை ஓட்டோவில் விட்டுவிட்டேன்.

ஜெ. உயரம், அகலம், அமைதி. "நான் பந்து போடுற ஆள் இல்ல அங்கிள். நிக்கிற ஆள்."

"நிக்கிறதுக்குச் சம்பளமோ?"

"ஓம். ஆடாம அசையாம நிக்கணும்தானே. அசைஞ்சா ஃபவுல்."

பத்து நிமிடம் பார்த்தபின் விளங்கியது. இரேஷா என்றொரு பிள்ளைதான் அணியில் புள்ளி எடுப்பவள். அவளை ஒருத்தி துரத்தி வருவாள். ஜெ. போய் அந்தத் துரத்துபவளின் வழியில் நிற்பாள், சுவர் மாதிரி. அவள் வந்து மோத, இரேஷா தனியாக. பந்து கூடைக்குள். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்கிரீன். புள்ளித்தாளில் இதற்கு இடமே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று முதல் ஆட்டம். வென்றார்கள். இரேஷா 27. ஜெ. 2.

அந்த 27இல் பாதிக்கு மேல் ஜெ.யின் தோளில் யாரோ மோதிய பிறகு வந்தவை. எண்ணிக்கொண்டு இருந்தது நான் மட்டும் என்று நினைக்கிறேன். பின்வரிசையில் ஒருவர்: "அந்த மொத்த உடம்புப் பிள்ளைக்கு ஆரும் பந்து குடுக்கமாட்டினமோ? பாவம், கோவிலுக்கு வந்த மாதிரி நிக்குது."

ஆட்டம் முடிய கிளப் சொந்தக்காரர் (டைல்ஸ் வியாபாரி, நல்ல மனிதர், கூடைப்பந்து தெரியாது) புள்ளித்தாளைப் பார்த்துக்கொண்டே கோச்சிடம்: "மே நங்கி மொகத கரன்னே?" இந்தத் தங்கச்சி என்னதான் செய்கிறாள் என்று. கோச் கைகளை மார்பில் கட்டி நின்று காட்டினார். அவர் திரும்பவும் தாளையே பார்த்தார்.

ஜெ. கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

மார்ச் 10, திங்கள்

கட்டுரை. ஒரு சொல்லுக்கு அரை நாள். ஸ்கிரீனை எப்படி எழுத?

திரை: சினிமாப் பக்கத்துக்குப் போய்விடும். அரண்: பாடப்புத்தகம். தடுப்பு: எதிரணி செய்வதும் அதுதான். மறிப்பு: சரி. வழியை மறித்து நிற்பது. மாட்டை மறிப்பது மாதிரி, எல்லோருக்கும் விளங்கும்.

தலைப்பு: "மறிப்பில் அசத்தினார் ஜெனிற்றா." அனுப்பியாயிற்று. முழங்கால் நோவு. எண்ணெய் பூசினேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலை ஏழரைக்குத் தொலைபேசி. மரியதாஸ்.

"சேர், புள்ளய எப்ப புடிச்சாங்க?"

"எந்தப் பிள்ளையை?"

"எங்கட புள்ளயத்தான். பேப்பர்ல போட்டிருக்கே."

பேப்பரை எடுத்துப் பார்த்தேன். நாலு பத்தித் தலைப்பு: "மறியலில் அசத்தினார் ஜெனிற்றா." மறியல் என்றால் இங்கே சிறை.

"பிள்ளை இப்ப எங்க?"

"இந்தா முன்னுக்கு இருந்து இடியப்பம் திங்கிறா. ஆனா சேர், விடிஞ்சதுல இருந்து மூணு வீட்டு ஆக்கள் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தங்க வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாங்க, உள்ள குடுத்துவிட. இன்னொருத்தங்க பிணை எடுக்க ஆள் இருக்கான்னு கேக்கிறாங்க."

பின்னால் ஜெ.யின் குரல்: "எந்த ஜெயில்னு அங்கிளக் கேளுங்க டடா, உடுப்பு எடுத்து வைக்க."

உதவி ஆசிரியர் சுதர்சனைப் பிடித்தேன். நல்ல பையன். பத்து வருடம் நீதிமன்றப் பக்கம் செய்துவிட்டுப் போன மாதம்தான் விளையாட்டுக்கு வந்தவன். விளக்கமறியல், மறியல், மறியல் நீடிப்பு. கை அந்தப் பக்கமே போகிறது.

"அண்ணை, மறிப்பு எண்டு ஒரு சொல் இல்லைத்தானே? மறியல் எண்டால் இருக்கு."

"இருக்கு. அதுதான் பிரச்சினை."

"அசத்தினார் எண்டும் போட்டிருக்கே. மறியலுக்குள்ள ஆர் அசத்துறது?"

"கொட்டாஞ்சேனையில அதையும் நம்பிட்டினம்."

திருத்தம் நானே எழுதினேன்: ஜெனிற்றா மறியலில் இல்லை, சனிக்கிழமை மூன்று மணிக்கு உள்ளரங்கில் இருப்பார்.

மார்ச் 12, புதன்

திருத்தம் வந்த பிறகுதான் தலைப்பைப் பாராதவர்களும் பார்த்திருக்கிறார்கள். ஜெ. சொன்னது: மருதானை பஸ்ஸில் ஒரு பொம்பிளை அவளுக்கு எழும்பி இடம் கொடுத்தாளாம். "பரவாயில்ல மகள், இரிங்க, எல்லாம் சரியாப்போகும்." இவளும் இருந்துகொண்டாளாம். "கால் நோவு அங்கிள். என்ன சொல்லி மறுக்கிறது?"

குழாய்க்காரன் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று இரண்டாம் ஆட்டம். ஜெ.யின் தேவாலயப் பங்கு ஆட்கள் ஒரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பிள்ளை வெளியில்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க. தவக்காலம்; பாதிப் பேர் ஊதாச் சேலை.

முதல் மோதல். துரத்தி வந்தவள் ஜெ.யின் மேல் பட்டு அப்படியே நின்றுபோனாள். இரேஷா தனியாக, பந்து கூடைக்குள். பஸ்ஸில் வந்தவர்கள் பக்கத்தில் ஒருத்தர் எழும்பி: "ஆ, இதான் மறியல். அந்தப் புள்ளய உள்ள போட்டுட்டா பாத்தீங்களா." அரங்கமே சிரித்தது. அடுத்ததற்கு ஐந்தாறு பேர் சேர்ந்து "மறியல்." பிறகு எல்லோரும்.

இருபத்தைந்து வருடமாகக் கூடைப்பந்து எழுதுகிறேன். புள்ளி எடுக்காத ஒரு வேலைக்குச் சனம் கைதட்டி இதுவரை பார்த்ததில்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. தேத்தண்ணி குடிக்க வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஜெ. களத்துக்கு வெளியே, வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர் சொல்லி மாற்றியிருக்கிறார். புள்ளி எடுக்கிற ஒருத்தி வேணுமாம். வந்தவள் எட்டுப் புள்ளி எடுத்தாள். இரேஷாவால் அசைய முடியவில்லை. தோற்றார்கள். புள்ளித்தாளில் ஜெ.: 0.

வெளியே மரியதாஸ் சிகரெட் பிடித்துக்கொண்டு. "சின்னதுல குசினி வாசல்ல இப்பிடித்தான் சேர் நிப்பா. ஒருத்தரும் உள்ள போக ஏலாது. அதுக்கு அடிச்சிருக்கேன்." சிகரெட்டை மிதித்து அணைத்தார். "ஒரு மேட்ச்தானே இருக்கு இனி?"

மார்ச் 18, செவ்வாய்

கட்டுரையில் 'மறியல்' என்றே எழுதினேன். சுதர்சன் வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணை, மறிப்பு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"சனம் சொல்லிட்டுது. இனி நாங்கள் ஆர்?"

கடைக்காரர் ஜெ.யைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், ஏப்ரல் முதலாம் தேதி வாறியா இல்லையா என்று. புதுவருடச் சீசன், ஆள் வேணும். சனிக்கிழமை முடியச் சொல்கிறேன் என்றாளாம். இரவுச் சாப்பாடு இறங்கவில்லையாம். மரியதாஸ் சொன்னார். அவருக்கும் இறங்கியிராது.

மார்ச் 22, சனி

வீட்டுக்கு வந்தவுடன் எழுதுகிறேன். மழை. வாங்கிய புதுக் குடையும் அரங்கில்.

மூன்றாம் ஆட்டம். இன்றைக்கு மூன்று பஸ். கோச் சொந்தக்காரரிடம் என்ன சொன்னாரோ, ஜெ. தொடக்கத்திலிருந்தே உள்ளே.

நான் சொந்தக்காரருக்குப் பின் வரிசை. முதல் "மறியல்" எழுந்ததும் திரும்பினார். எதற்குக் கத்துகிறார்கள், இன்னும் பந்தே போடவில்லையே என்று சிங்களத்தில் கேட்டார். ‘ஹிரே’, சிறை, என்றேன். யார் சிறையில்? அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளை, ஜெ.யில் மோதி நிற்கிறாளே, அவள். இப்போது இரேஷாவைப் பாருங்கள். பார்த்தார். இரேஷா தனியாக நின்று பந்தைப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவர் புள்ளித்தாளைத் தொடவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆளைத் தேடினார். மூன்றாம் கால்பகுதியில் சத்தம் வருமுன்னரே கண் ஜெ.யிடம் போனது. நாலாவதில் அவரே மெதுவாக, "ஹிரே."

இரேஷா 34. வென்றார்கள், பதினெட்டுப் புள்ளி இடைவெளி. ஜெ. 4.

ஆட்டம் முடிந்ததும் எதிரணிக் கோச் கைகுலுக்கிவிட்டு நேரே ஜெ.யிடம் போனார். அவருடைய பிள்ளைகளில் இரண்டு பேர் விலாவில் ஐஸ் வைத்துக்கொண்டு பின்னால். "நங்கி, உங்களுக்கு கொன்றாக்ட் இருக்கா?"

"இல்ல, சேர்."

"அப்ப எங்களுக்கு வாங்க. எங்கட பிள்ளைகள்தான் கேக்கினம். இன்னொருக்கா உங்கள்ள மோத ஏலாதாம்."

விலாக்காரி ஒருத்தி தலையாட்டினாள்.

சொந்தக்காரர் இவ்வளவு விரைவாக நடந்து நான் கண்டதில்லை. கோச்சைக் கூப்பிட்டார், மானேஜரைக் கூப்பிட்டார், ஒப்பந்தக் கடதாசி எங்கே என்று எல்லோரையும் கேட்டார். கடதாசி காரில். மானேஜர் மழைக்குள் ஓடினார்.

ஜெ. இரண்டு பேரையும் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க. டடா மேல இருந்து இறங்கி வரணும்." இருந்தார்கள். டைல்ஸ் வியாபாரியும் எதிரணிக் கோச்சும் ஒரே வாங்கில், கையை மடியில் வைத்துக்கொண்டு.

மரியதாஸ் வந்து ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார். கண்ணாடி இல்லை, எதிரணிக் கோச்சின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு. ஒரு வருடம் என்றிருந்த இடத்தில் விரலை வைத்தார். சொந்தக்காரர் பேனையை எடுத்து அதை வெட்டி இரண்டு வருடம் என்று எழுதினார்.

கையெழுத்து வைத்தாள். பங்கு ஆட்கள் வாசலில் பாட்டு. தவக்காலம், கொண்டாட்டம் கூடாது என்று யாரோ நினைவூட்ட, சத்தத்தைக் குறைத்துத் தொடர்ந்தார்கள்.

மார்ச் 24, திங்கள்

வெயில். குழாய் சரி.

கட்டுரைக்கு ஜெ.யின் வாயால் இரண்டு வரி வேணும். காலை ஏழு மணிக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் பந்துச் சத்தம். "ஒப்பந்தம் கிடைச்சது பற்றி என்ன சொல்றீங்கள், பிள்ளை?"

"அங்கிள், பிறகு கதைக்கிறேனே. வேலைக்கு வந்துட்டேன்."

வைத்துவிட்டாள்.