மிதித்தால்தான் வருகிற பாஷை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், என் வாய்க்கு மட்டும்தான் சுகமில்லை. நீயும் உன் வயிற்றுக்குள் உதைக்கிற ஆளும் சுகந்தானே?

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பேச்சுப் பரீட்சையில் மறுபடியும் கோட்டை விட்டுவிட்டேன். உங்கள் ஊர் பாஷையில் பத்து நிமிடம் பேசிக் காட்டினால்தான் உன் பிரசவத்துக்கு வந்து தங்க விசா என்கிறார்கள், நானும் மூன்று மாதமாகத் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே நாற்பது பதில்களை உருப்போட்டேன், பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர்கூட "அக்கா, கேட்டுக் கேட்டு எனக்கே வந்துடுச்சு, உங்களுக்குப் பதிலா நான் வேணா போகட்டா" என்று கிண்டல் செய்தார். பரீட்சை அறையில் ஒரு மேஜை, எதிரே கேள்வி கேட்கக் கண்ணாடி போட்ட ஒருத்தி, அவள் சட்டையில் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது, எந்தப் புண்ணியவான் தைத்தானோ. முதல் பதில் கடகடவென்று வந்தது. பாதியில் பார்த்தால் அவளுடைய தண்ணீர் டம்ளர் தானாக மேஜை ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. கீழே என் கால் மிஷின் மிதிக்கிறதடி! அவள் கையைக் காட்டினாள், காலை நிறுத்தினேன், நூல் அறுந்த மாதிரி பேச்சும் நின்றுவிட்டது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள், ஒரு விரலைக் காட்டினேன். மிச்ச நேரம் முழுக்கச் சுவர்க் கடிகாரம்தான் பேசியது.

தெருவே என் வாய்க்குப் பயப்படும், எனக்குப் பேச வராது என்று முத்திரை குத்தி ஒரு தாள்! உன் அப்பா, "முப்பது வருஷமா என்னால முடியல, அந்தம்மா பத்து நிமிஷத்துல உன் வாயை அடைச்சுட்டாங்களே" என்று சிரித்தார், அப்புறம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். இன்னும் ஒரே ஒரு தேதிதான் மிச்சம், அடுத்த மாதம் பத்து. அதுவும் போனால் உன் பிரசவ நாள் தாண்டித்தான் மறுபடி மனுப் போட முடியும். அங்கே நீ யார் கையைப் பிடித்துக்கொள்வாய் என்று நினைத்தாலே எனக்கு வேலை ஓடவில்லை, நேற்று ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டும் இடது கையாக வைத்துத் தைத்திருக்கிறேன். அதனால் ஒன்று செய். இன்றிலிருந்து போனில் என்னிடம் நம் பாஷையில் பேசாதே. நான் திட்டினாலும் பேசாதே, கெஞ்சினாலும் பேசாதே. அவள் கேட்ட மாதிரியே வேகமாகக் கேள், காலைக் கட்டிப்போட்டுக்கொண்டாவது பதில் சொல்கிறேன். "சாப்பிட்டியாம்மா" என்று நீ கேட்காத ஒரு மாதம் எப்படிப் போகுமோ, போகட்டும்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. வலி எடுத்தால் மட்டும் நம் பாஷையிலேயே கூப்பிடு.

இப்படிக்கு,
பேச வராத உன் அம்மா