கரை பின்னால் தெரிகிற படம்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், கை வரவில்லை. உன் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, சர்க்கரையைத் தொடுவதே இல்லை என்கிறாள், டப்பாவைப் பார்த்தால் எறும்புகூட நம்பாது. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் இந்தக் கடிதம், படித்ததும் கிழித்துவிடு.

சின்னவளைப் பற்றித்தான். குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் தவறிப்போய் ஐந்து மாதம் ஆகிறது, இங்கே வந்தவள் இன்னும் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை, அவள் வீட்டுக்காரரும் வாரம் ஒருமுறை வந்து கூடத்தில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுப் போகிறார். நீ விட்டுப்போன கேமராவைத் தூக்கிக்கொண்டு விடிந்ததும் ஏரிக்குப் போக ஆரம்பித்தாளே, எவ்வளவு சந்தோஷப்பட்டோம். முதலில் கரையிலிருந்துதான் எடுத்தாள். பறவையை நட்டநடுவில் வைக்கக் கூடாதாம், "அது பாக்குற பக்கம் கொஞ்சம் இடம் விடணும்ப்பா, இல்லன்னா செவுத்துல முட்டின மாதிரி இருக்கும்" என்பாள், பேசுகிறாளே என்று நானும் தலையாட்டுவேன். பிறகு படங்கள் மாறின. பறவை நம் கண்ணுக்கு நேராக வந்தது, தண்ணீர் படத்தில் பாதிக்கு மேல் ஏறியது. குஞ்சை முதுகில் சுமந்துபோகிற முக்குளிப்பான் படத்தைப் பார்த்துவிட்டு, கூடவே மிதக்கிற மாதிரி இருக்கு, இப்படியே எடு என்று நீ செய்தி அனுப்பினாய். உன்மேல் குற்றமில்லை, அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை அது சாய்ந்திருந்தது, நேராக்கும்போதுதான் பார்த்தேன், பறவைக்குப் பின்னால் நம் பக்கத்துக் கரை. மோட்டார் அறை, அதற்கு இடதுபுறம் மின்கம்பம். முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்து சம்பளம் வாங்கியவனுக்கு, அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வைத்துப் படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? கரையிலிருந்து ஏரிக்குள் முப்பது அடி தூரம். அவளுக்கு நீச்சல் தெரியாது. பழைய படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன், ஒவ்வொன்றிலும் கரை இன்னும் தள்ளிப் போயிருந்தது.

மறுநாள் அவள் பின்னாலேயே போனேன். மார்பளவு தண்ணீரில் கேமராவைத் தாடைக்கு நேராகப் பிடித்தபடி நின்றாள். கத்தினேன். திரும்பாமலே, "சத்தம் போடாதீங்கப்பா, பறந்துடும்" என்றாள். செருப்போடு இறங்கினேன், சேறு காலை இழுத்தது, எப்படியோ போய்க் கையைப் பிடித்தேன், திமிறாமல் வந்தாள். கரையில் உட்காரவைத்துக் கேட்டேன், சாகிற எண்ணமாம்மா என்று. "தெரியலப்பா. உள்ள போகப் போக தலைக்குள்ள கேக்குற அழுகை குறையுது, அதான் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு போறேன்" என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தத் தெரியலயை வைத்துக்கொண்டு ஐந்து நாளாக நான் படுகிற பாடு யாரிடம் சொல்ல.

கேமராவை ஒளித்துப் பார்த்தேன், ஒரு வாய் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே கிடந்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கரையில் உட்காருகிறேன், முழங்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது என்று பேச்சு. உன் அம்மா நாங்கள் நடைப்பயிற்சிக்குப் போவதாக நினைக்கிறாள். மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை, வரமாட்டேன் என்கிறாள். அக்கா சொன்னால் கேட்பாள். லீவு கேள், கொடுக்காவிட்டால் சண்டை போடு, எப்படியாவது வா. படம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் இனி எழுதாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம், நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். மருத்துவர் கொடுத்திருக்கும் நேரம் இருபதாம் தேதி, காலை பத்து மணி, மறந்துவிடாதே. இன்று காலை கயிறு ஒருமுறை விறைத்தது. நான் இழுத்தேன், அவளும் இழுத்தாள். எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது பெரியவளே.

உன்னையே நம்பியிருக்கும்
அப்பா