ஆயுத பூஜைக்கு வைத்த பெட்டியும் அம்மா பேசுகிற இடமும்

அன்பு மகன் ராஜபாண்டிக்கு, சின்னமனூரிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை பாண்டீஸ்வரி எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். ஜெர்மனியில் நீயும் மருமகளும் பேத்தியும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும். குளிர் வந்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ போனில் கேட்ட அந்தக் கல்யாணப் படம் எடுத்த வருஷம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த மறு வருஷம். அதுவரை ஒரு கையெழுத்துக்கு மதுரைக்குப் பஸ் ஏறிய சனம், தேனியில் எந்தத் தெருவில் எந்த ஆபீஸ் என்று தெரியாமல் அலைந்து திரிந்த நேரம். நம் மேட்டு வயலில் முதன்முதலாக வாழை வைத்ததும் அந்த வருஷம்தான், காற்றடித்துத் தார் விட்ட மரமெல்லாம் சாய்ந்து, உன் அம்மா மொக்கம்மாள் நாளுக்கு ஒரு வாழைப்பூப் பொரியல் வைத்து நம்மைச் சலிக்க வைத்ததும் அந்த வருஷம்தான். நீ ஒண்ணாம் வகுப்பு, பாண்டீஸ்வரி கைப்பிள்ளை. ஆவணியில் உன் அத்தை மலையம்மாளுக்குக் கல்யாணம். உத்தமபாளையத்திலிருந்து வீடியோக்காரர் தோளில் கேமராவோடு வந்து இறங்கினார், கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பெண் மாப்பிள்ளையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுகிறாய், எனக்கும் உன் முகம் திரையில் வந்ததும் சொல்ல வந்தது பாதி மறந்துபோகிறது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எழுதினால் நீ இரண்டு தடவை படிப்பாய் என்று தெரியும். பந்தியில் அம்மா பரிமாறுகிற இடத்தில், சாம்பார் வாளியோடு சட்டென்று திரும்பி என்னமோ சொல்கிறாளே, அது என்ன, உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் என்று கேட்டாய். அந்த வீடியோக்காரர் கல்யாணம் முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார், மேளச் சத்தம்கூட மிச்சமில்லை. செல்போனில் குரலைப் பிடித்து வைக்கிற காலம் வருவதற்குள் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா குரலே எனக்கு மறந்துகொண்டு வருகிறது அப்பா என்று நீ சொன்னாய் பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஒன்றுவிடாமல் சொல்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். அப்புறம் நீ கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன். மாற்றியதற்குக் காரணம் உண்டு, அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ அங்கே வேலை ஓடாமல் தவித்திருப்பாய். இப்போது சரியாகிவிட்டது, அதனால் சொல்கிறேன், பதறாமல் கேள்.

டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போனாயே, அது முதலில் மெமரி கார்டு என்கிற ஒரு சின்னத் தகட்டை வைத்துக்கொண்டு ஓடியது, கரண்ட் போய்ப் போய் வந்து அந்தத் தகடு கெட்டுக்கொண்டே இருந்தது. போன தடவை வந்தபோது தகட்டை எடுத்துப் போட்டுவிட்டு, கல்யாணப் படத்தை ஏற்றி வைத்து உள்ளறையில் இருக்கிற பெரிய பெட்டியிலிருந்தே இது எழுந்திரிக்கும்படி செய்தாய். அப்பா, இதுக்குள்ள ஒண்ணுமே கிடையாது, கரண்டு வந்ததும் பெரிய பெட்டியில நான் திறந்துவிட்டிருக்கிற இடத்துக்குப் போயி, எப்படி எந்திரிக்கணும்ங்கிறதையே அங்கன இருந்துதான் வாங்கும் என்றாய். எனக்குப் புரிந்தது. கிணறு இல்லாத வயல் மாதிரி, வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் விளைச்சல். அன்றிலிருந்து சாயங்காலம் ரிமோட்டை அமுக்கினால் படம் வரும், நானும் பார்ப்பேன். இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. பாண்டீஸ்வரியின் மாப்பிள்ளை லிங்கேஸ்வரன் மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மிஷின், ஸ்கூட்டர் எல்லாம் கழுவி வைத்தார். நான்தான், வீட்டுக்குத் தினமும் வேலை பார்க்கிறது அந்தப் பெரிய பெட்டியும்தானே, அதற்கு மட்டும் பொட்டு இல்லையா என்றேன். வயரையெல்லாம் பிடுங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். பூஜைக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாதே, மறுநாள் கும்பிட்டுத்தான் எடுத்தோம்.

எடுத்து மாப்பிள்ளை வயரை மாட்டினார், பச்சை விளக்கெல்லாம் எரிந்தது, டிவியில் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிந்தது. சந்தனத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டதோ என்று நினைத்தேன். கேசட்டில் பூஞ்சை பிடித்து, பெட்டியில் ஏற்றியாயிற்று என்று அதை நாம் போட்டுவிட்டோம். நீயும் ஒரு நகல் கொண்டு போகவில்லை, அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன் என்றாய், எடுக்கவும் இல்லை. உலகத்தில் உன் அம்மா நடந்து திரிகிறது அந்த ஒரு பெட்டிக்குள்தான். பாண்டீஸ்வரி சும்மா இருந்தாளா, ஏப்பா, ஓடிக்கிட்டிருந்ததைப் புடுங்கிச் சாமியாக்கிட்டீகளே, இனி வரமா குடுக்கும் என்று கேட்டாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவளுக்கு அம்மா முகமே அந்தப் படத்தில் பார்த்ததுதான் பெரும்பாலும்.

பிறகு அவளோடு படித்த ஜெபஷீலா, உத்தமபாளையத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பில் வேலை பார்க்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே வந்தது. அந்த வெள்ளை எழுத்தைப் படித்ததும் சிரித்துவிட்டது. அப்பா, ஒண்ணும் சாகலை, வீடு மாறிப் போனவுகளைத் தேடிப் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிது என்றது. பெரிய பெட்டிக்கு வீட்டுக்குள் ஒரு நம்பர் உண்டாமே. அது பூஜையில் உட்கார்ந்திருந்த நேரம் அந்த நம்பரை ரூட்டர் தூக்கி மாப்பிள்ளையின் புதுப் போனுக்குக் கொடுத்துவிட்டது. பெரிய பெட்டி எழுந்து வந்தபோது அதற்கு வேறு நம்பர். சின்னப் பெட்டிக்கு நீ சொல்லி வைத்ததோ பழைய நம்பர், பாவம் அது போய்ப் போனைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எந்த இடத்தைத் திறந்துவிடலாம், யாருக்குத் திறந்துவிடலாம் என்று நீ பெரிய பெட்டியில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அண்ணன் சுத்தமாத்தான் எழுதியிருக்காக, நம்பரை மட்டும் பெட்டிக்கே சொந்தமாக் குடுக்க மறந்துட்டாக என்றது. பழைய நம்பரையே பெட்டிக்குத் திருப்பி வாங்கி, இனிமேல் அது அணைந்து கிடந்தாலும் வேறு யாருக்கும் போகாதபடி ரூட்டரில் எழுதி வைத்துவிட்டது. போகும்போது மாப்பிள்ளையிடம், அண்ணே, அடுத்த வருசம் உங்க போனையும் சேத்து அணைச்சு அரிவா பக்கத்துல வச்சிருங்க, அப்பத்தான் வம்பு இல்லை என்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

படம் வந்தது. பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். பாண்டீஸ்வரிக்குக் கை வலிக்கிறதாம், அதனால் ஆசீர்வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும், பேத்திக்குத் தமிழ் பேச வர வேண்டும். மறக்காமல் இந்த வாரமே அந்தப் படத்தை உன் ஊருக்கு ஒரு நகல் எடுத்துக்கொள், பிறகு பார்க்கலாம் என்று இருக்காதே. அடுத்த பூஜைக்குப் பெட்டியை அசைக்க மாட்டோம், ஆனால் இருந்த இடத்திலேயே ஒரு பொட்டு வைப்பேன், அதை நீ தடுக்காதே.

இப்போது கேள். அந்த இடத்தில் மூன்று இலைதான் படத்தில் விழுகிறது. முதல் இலை உன் பெரிய மாமா வீரபாண்டி, அம்மாவின் அண்ணன், மீட்டர்கேஜ் ரயில் நின்ற வருஷம் காலமானார். இரண்டாவது போடி ஜவுளிக்கடை பொன்னுராஜ், முகூர்த்தச் சேலையைத் தானே கொண்டுவந்து கொடுத்த மனுசன், கொரோனாவில் போய்விட்டார். மூன்றாவது அவர் வீட்டம்மா ஞானபாக்கியம், அவுக போய் மறுவருஷம் இவுகளும். மூன்று பேரும் சிரிக்கிறார்கள், பொன்னுராஜ் புரையேறித் தலையில் தட்டிக்கொள்கிறார், பார். அவர்கள் முன்னால் தண்ணீர்க் குடத்தோடு ஒருவர் குனிந்துகொண்டு கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாரே, அது யாரென்று நீ கேட்கவே இல்லை, பந்திக்கு வந்த வேலையாள் என்று நினைத்திருப்பாய். அம்மா பேசியது அந்த முதுகோடுதான். அவளுக்குக் கட்டைக்குரல், சிரிப்பு முன்னால் வரும், சொல் பின்னால் வரும். ஏங்க, இங்கிட்டுத்தான் கொஞ்சம் திரும்புங்க, கேமராக்காரரு மூஞ்சியைப் புடுங்கிக்கிட்டா போயிருவாரு என்றாள். அவ்வளவுதான் சொன்னது. இதை எழுதுகிற பாண்டீஸ்வரி பேனாவை வைத்துவிட்டு, இன்னொரு தடவை அம்மா மாதிரியே சொல்லுங்கப்பா என்றாள், சொன்னேன். நீ ஊருக்கு வரும்போது உனக்கும் சொல்வேன். சொன்னவள் இல்லை, சிரித்தவர்கள் இல்லை, வீடியோக்காரரும் போன மாசியில் போய்விட்டார். அந்த வார்த்தையைக் காதால் கேட்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது,

தண்ணீர் ஊற்றின
உன் அப்பா கர்ணன்