ஒன்பதாம் அறைச் சுவர்

பணி நாள் 212. 07:10
தென்முனைப் பனிச்சுரங்கம், நிலா. பதிவு செய்பவர்: க. பொன்னரசி, தொல்லியல் தளப் பொறுப்பாளர்.

காற்றழுத்தம் சரி. வெப்பம் பதினான்கு. ஈரம் கூடுதலாக இருக்கிறது. சுவரின் அடிப்பக்கத்தில் வண்ணம் வியர்க்கிறது. உலர்த்தியை ஓடவிட்டேன். வலது மூலையில் ஒரு சாண் அளவுக்குத் தூசி எடுத்ததில் சுவரோவியத்தில் இன்னொரு தூக்குவாளி தெரிந்தது. வாளிக்குள் என்ன இருந்தது என்று இனி யார் சொல்வது.

இதைப் படிக்கும் நீங்கள் அடுத்த பொறுப்பாளராக இருக்கலாம், தணிக்கைக்காரராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் புரிய வேண்டும் என்பது விதி. ஆகவே, முன்பே பலமுறை எழுதியதைத் திரும்பவும் எழுதுகிறேன். இந்த வேலையில் பாதி நேரம் தூசி தட்டுவது, மீதி நேரம் சொன்னதையே சொல்வது.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே பனி வெட்டியவர்கள் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்துக்காரர்கள். வெயிலில் உப்பு வாரியவர்களைக் கம்பெனி கூட்டிவந்து இருட்டில் பனி வெட்ட வைத்தது. ஒருநாள் சுரங்கம் சரிந்தது. பத்தொன்பது பேர் இந்த ஒன்பதாம் அறையில் அகப்பட்டார்கள். அத்தனை பேரும் அந்த நொடியே இறந்துவிட்டார்கள் என்று சொல்லி, கம்பெனி அறையின் வாசலைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு நாங்கள் பக்கவாட்டுப் பாறையில் ஒரு தவழ்பாதை துளைத்து உள்ளே வந்தோம். அந்தச் சுவரின் உட்பக்கம் முழுக்க ஓவியம் இருந்தது. செத்தவர்கள் படம் வரையமாட்டார்கள். உள்ளே உயிர் இருந்தது வெளியே யாருக்கும் தெரியாது என்று கம்பெனி இப்போது மாற்றிச் சொல்கிறது.

எலும்புகளைப் போன வருடமே குடும்பங்களிடம் ஒப்படைத்தோம். மிச்சம் இந்தச் சுவர்தான். துரு, கரி, ஓட்டை அடைக்கும் வெள்ளைப் பசை, இவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த வண்ணம். பத்தொன்பது பேர் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். தோளில் துண்டு, கையில் தூக்குவாளி, தலை சற்றே சாய்ந்து. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒன்றும் வரையாத வெற்றிடம்.

வெற்றிடத்தைப் பற்றி மூன்று கட்சிகள் இருக்கின்றன. வண்ணம் தீர்ந்திருக்கும் என்பது கோவை ஆய்வுக்கூடத்தின் ஹமீதாவின் கருத்து. அது மரணம் என்று ஓவியர் நீலமேகன் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். இந்தச் சுவரை அதே அளவில் பிரதி செய்து தூத்துக்குடிக் கடற்கரையில் நிறுத்தப் போகிறவர் அவர். வரைந்து முடிப்பதற்குள் செத்துப்போனார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று குடும்பச் சங்கத்தின் செயலாளர் செல்வகனி கேட்கிறாள். எனக்குக் கருத்து எதுவும் இல்லை. எனக்குத் தூக்கம் வருகிறது.

பணி நாள் 213. 10:40
தவழ்பாதை சரிந்துவிட்டது.

நான் உள்ளே இருக்கிறேன். அடி ஏதும் படவில்லை. பாறை லேசாக முனகியது, பிறகு வாசல் இருந்த இடத்தில் கல் இருந்தது. மின்கம்பி அறுந்துவிட்டது. கைவிளக்கும், சுவரைச் சோதிக்கும் ஊதா விளக்கும், வானொலியும் பேட்டரியில் ஓடுகின்றன. ஆக்சிஜன் உருளை நிறைய இருக்கிறது. இல்லாதது கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி. பொருத்தியிருப்பது ஒன்று, மாற்று ஒன்று. நாளைப் பகல் வரை தாங்கும். அதற்கு மேல் என் மூச்சே எனக்கு எதிரி.

தளக் கட்டுப்பாட்டிலிருந்து வந்த செய்தி: "பாதையத் திரும்பத் தோண்ட நாலு நாள் ஆகும் மேடம். சுவர வெட்டுறதுதான் ஒரே வழி. சுவருக்கு வெளிய இருக்கிற சுரங்கத்துல காத்து இருக்கு, மிஷினக் கொண்டுவந்து நிறுத்தியாச்சு. ஆனா உங்க ஒப்பந்தம் ஒண்ணு இருக்கே."

இருக்கிறது. சுவரில் விரலகலம் வெட்டுவதானாலும் ஆய்வுக்கூடம், ஓவியர், குடும்பச் சங்கம் மூன்று தரப்பும் ஒப்ப வேண்டும். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி மேசையைத் தட்டியவள் நான்தான். மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது.

பணி நாள் 213. 15:20
கூட்டம் நடக்கிறது. உலகத்தில் எது நின்றாலும் கூட்டம் நிற்காது.

எங்கே வெட்டுவது என்பதுதான் சிக்கல். கம்பெனியின் பழைய வரைபடப்படி சுவர் மூன்று முழக் கனம்; நடுப்பகுதி மட்டும் இரட்டைக் கனம், ஆகவே அங்கே வெட்டினால் நாளைக்குள் முடியாது. எல்லாவற்றிலும் மெல்லிய பகுதி இடது ஓரம். இடது ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். ஒரு கால் குட்டை.

ஹமீதா: "பொன்னரசி, எனக்கு ஆட்சேபணையே இல்லீங்க. வெட்டிக்கச் சொல்லுங்க. ஸ்கேன் எல்லாம் போன மாசமே எடுத்தாச்சு. நீங்க பேசாம படுத்துக்கங்க, மூச்சு மிச்சமாகும்."

நீலமேகன்: "மேடம், நான் வேணாம்னு சொல்வேனா? ஒரு ஓரம் போனா அந்த மொத்தக் கூட்டமும் சாஞ்சிரும், அதான் மனசு கேக்கல. சரி. வெட்டட்டும். என் பேரப் போட்டுக்கங்க." அவர் அழுகிறார் என்று நினைக்கிறேன். எனக்காகவா சுவருக்காகவா என்று கேட்கவில்லை.

மூன்றாவது ஒப்புதல் வரவில்லை. செல்வகனி சங்கத்துக்குச் செயலாளர் மட்டுமல்ல, இந்தச் சுரங்கத்தின் தலைமைத் துளைப்பாளரும் அவள்தான். மிஷினோடு சுவருக்கு வெளியே நிற்பவளும் அவள். இடது ஓரத்தில் நிற்கும் குட்டைக் கால்காரர் அவளுடைய பூட்டன்.

செல்வகனி: "மேடம், கேக்குதா? எங்க பூட்டன் அந்தச் செவுத்துல நிக்கான். அன்னைக்கு அவன் உள்ள கெடந்தப்ப ஒருத்தனும் மிசின எடுக்கல. இன்னைக்கு நீங்க மாட்டுன ஒரு மணி நேரத்துல மிசின் வந்து நிக்கி. உங்கமேல கோவமில்ல. ஆனா அவனையே வெட்டி உங்கள எடுன்னா, எனக்குக் கை வரமாட்டேங்குது. சங்கத்துல பேசிட்டிருக்கோம். பொறுத்துக்கிடுங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வானொலியை அணைத்துவிட்டு அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்தபோது அவள் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை. அதற்காக எனக்குச் சாக விருப்பம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்ட வேண்டும். யார் மேல் வெட்டினாலும் சரி. இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை.

பணி நாள் 214. 06:05
இரண்டாவது வடிகட்டி பொருத்தினேன். கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறேன். தலை கனக்கிறது. வானொலியில் பேட்டரி குறைவு. அவர்கள் கூப்பிட்டால் மட்டும் பேசுகிறேன்.

வெளியே மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டதா என்று அறிய ஆசைப்பட்டுச் சுவரில் காது வைக்கப் போனேன். வண்ணத்தின் மேல் முகம் படக்கூடாது என்று கால் தானாகவே விலகியது. சாகக் கிடக்கும்போதும் விதியை விடாத ஜென்மம் நான். வண்ணம் இல்லாத இடம் ஒன்றுதான். நடு வெற்றிடத்தில் காது வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. சுவர் வழவழப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. ஊதா விளக்கை அடித்துப் பார்த்தேன்.

எண்ணெய்க் கறை. மனிதத் தோலின் எண்ணெய். இது ஆய்வுக்கூட அறிக்கையில் ஏற்கெனவே வந்ததுதான். கை ஊன்றி நின்றிருப்பார்கள் என்று எழுதியிருந்தோம். கை இல்லை. ஊன்றிய கை ஐந்து விரலாகப் பதியும். இவை வளைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கன்னத்தின் அகலத்துக்கு ஒரு திட்டு. குள்ளமானவர் உயரத்தில், நெட்டையானவர் உயரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. என் உயரத்திலும் ஒன்று இருக்கிறது.

காதுகள்.

அந்த இடத்தில் வண்ணம் தீர்ந்துபோகவில்லை. அது மரணமும் இல்லை. காது வைக்க இடம் விட்டுவிட்டு அதைச் சுற்றி வரைந்திருக்கிறார்கள். தலைகள் சாய்ந்திருப்பதை நீலமேகன் துயரம் என்று எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது நானும் தலையைச் சாய்த்துத்தான் நிற்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

பத்தொன்பது பேரும் ஏன் ஒரே இடத்தில் காது வைக்க வேண்டும்? சுவர் முழுக்க எங்கே வைத்தாலும் ஒன்றுதானே. அங்கேதான் ஏதோ கேட்டிருக்கிறது.

பணி நாள் 214. 06:50
செல்வகனியைக் கூப்பிட்டுச் சொன்னேன். காதுகளைச் சொன்னேன். அவளுடைய பூட்டனின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொன்னேன். நடுவில் வரைபடம் காட்டும் இரட்டைக் கனத்தை நான் நம்பவில்லை, வெட்டினால் அங்கே வெட்டு, அங்கே யாரும் நிற்கவில்லை என்றேன். எழுதிவைத்ததை நம்பாதே, கையால் தொட்டுப் பார் என்றும் சொன்னேன். மூச்சு வாங்கியதால் இதையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

வானொலியில் அவள் மிஷினை இழுத்து நகர்த்தும் இரைச்சல் கேட்டது. பிறகு: "மேடம், சங்கத்த நான் பாத்துக்கிடுதேன். நீங்க செவுத்த விட்டுத் தள்ளி உக்காருங்க. துவங்குதேன்."

மூன்றாவது ஒப்புதல் வாய்மொழியாகப் பெறப்பட்டது. எழுத்தில் பின்னர் இணைக்கப்படும். பழக்கம்.

பணி நாள் 214. 09:30
சத்தம் கேட்கிறது.

தள்ளி உட்காரச் சொன்னாள். நான் கேட்கவில்லை. காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பல்லெல்லாம் அதிர்கிறது. இவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதேயில்லை. அழுதுவிட்டேன். என் கன்னத்தின் எண்ணெயும் இப்போது அங்கே சேர்ந்திருக்கும். மாதிரி எடுப்பவர்கள் கவனிக்கவும்.

பணி நாள் 214. 10:15
செல்வகனியின் செய்தி. சொன்னது சொன்னபடி எழுதுகிறேன், இது சாட்சி.

"மேடம், நடுவுல மேல் பூச்சுதான் கெட்டி. இரட்டைக் கனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூச்சு விட்டதும் பொலபொலன்னு மண்ணு கொட்டுது. உள்ள ஒரு பழைய தொள கெடக்கு. மணிக்கட்டு அகலம். மிசின் போட்ட தொளதான், அதோட தொளைக்கிற அலகு திரும்புன வரி தெரியுது. நேரா உங்க பக்கமா வருது."

அவள் துளைக்குள் கோல் விட்டு அளக்கும் சத்தம் கேட்டது.

"உங்க பக்கத்துல ஒரு சாண் மிச்சம் இருக்கு மேடம். ஒரு சாண். அதோட நிப்பாட்டிருக்கானுவ. நிப்பாட்டி, மண்ணப் போட்டு அடச்சு, மேல பூசி, வரைபடத்துல இரட்டைக் கனம்னு எழுதி வச்சிருக்கானுவ. தெரிஞ்சிருக்கு மேடம். உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சுதான்…"

வானொலி போய்விட்டது. பேட்டரி.

பதிவுக்காக: யாரோ ஒருவர் வெளியிலிருந்து துளைத்திருக்கிறார். உள்ளே தட்டியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். யாரோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். யார், ஏன் என்பதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனிக்குத் தெரியாது என்பது பொய். இதை முதலில் குடும்பங்களுக்குச் சொல்லுங்கள். கட்டுரையெல்லாம் அப்புறம்.

பணி நாள் 214. 11
நிமிடம் தெரியவில்லை. எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. வடிகட்டி நிறம் மாறிவிட்டது. மூச்சு சிறிது சிறிதாக.

அந்த ஒரு சாணில் மறுபடி மிஷின் ஓடுகிறது. மணிக்கட்டு அகலம் போதும், ஒரு காற்றுக்குழாய் நுழைந்தால் போதும். உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றுகொண்டே எழுதுகிறேன். காது சுவரில்.

இவர்கள் எப்போது வரைந்தார்கள் என்று எங்களுக்குள் பெரிய விவாதம். முதல் நாளா கடைசி நாளா என்று. ஹமீதா, எழுதிக்கொள். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது வரைந்தது. நம்பிக்கை இருந்தால்தான் துண்டின் கரைக்கோடு வரை வரையத் தோன்றும். சந்தோஷமாக

நாள் 214
சத்தம் நின்றுவிட்டது.

அலகு சூடேறியிருக்கும். மாற்றுகிறாள். மாற்றுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், நான் பார்த்திருக்கிறேன். செல்வகனி நிறுத்தமாட்டாள். அவள் நிறுத்தமாட்டாள்.

காதை எடுக்கவில்லை.

அலகு மாற்றுகிறார்கள் என்றுதான் அந்தப் பத்தொன்பது பேரும் நினைத்திருப்பார்கள்.