இருபதுக்கு ஆறு

சிலிபின், ஈப்போ, மலேசியா
4.3.1979

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை மேரிக்கு,

நாங்கள் சுகம். லீட்ஸ் குளிரில் கை வெடிக்கிறது என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி நர்சுக்கே மருந்து கிடைக்காதா?

நல்ல செய்தி. நான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஐந்து மாதம் ஆகிறது. வியாழக்கிழமை டாக்டர் சோதித்தார். தட்டில் பேனா, சாவி, கத்தரி, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. காட்டிவிட்டுத் துணியால் மூடினார். ஒன்றை எடுத்துவிட்டுத் திறந்தார். எது இல்லை என்று ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். உனக்கு மட்டும் ரகசியம்: ஐந்தின் பெயரையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் 16 முதல் காம்பார் ஊருக்குப் போகும் பஸ்ஸை மறுபடி ஓட்டலாம்.

டிப்போவில் கண்டக்டர் ராமையா, “என்னண்ணே, தலைக்கு ஒட்டுப் போட்டாச்சா? பள்ளத்துல விட்டா கழண்டுக்கப் போவுது லா!” என்றான். அங்கேயே பஸ்ஸை இரண்டு சுற்று ஓட்டினேன். பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தால், கண்ணாடியில் என்ன இருந்தது என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

உன் அண்ணன்
ஸ்டானிஸ்லாஸ்


லீட்ஸ்
13.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கக் கண்ணாடி பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

என் வார்டில் இருப்பவர்கள் மூளையில் அடிபட்டவர்கள். கண்ணை வேறு பக்கம் திருப்பிய பிறகும் பார்த்ததைச் சில விநாடி பிடித்து வைப்பது மூளைக்குத் தனி வேலை. நல்ல மூளையிலேயே மூன்று நான்கு பொருள்தான் நிற்கும். குரங்குக்குத் தீனி வைத்த இடத்தைக் காட்டி மறைத்துவிட்டாலும், நெற்றிக்குப் பின்னால் சில செல்கள் ஓயாமல் வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். மண்டையின் பின்மேல் பக்கமும் இதற்குத் துணை என்று இங்கே டாக்டர்கள் நினைக்கிறார்கள். உங்களுக்கு அடிபட்டது அங்கேதான், வலது பக்கம்.

பெயர் சொல்லி ஞாபகம் வைப்பது வேறு வழி. அது உங்களுக்கு நன்றாக இருக்கிறது. அதனால்தான் குறை டாக்டருக்குத் தெரியவில்லை. ரோட்டில் பெயர் சொல்ல நேரம் இருக்காது.

தாளில் பதினாறு கட்டம் போடுங்கள். அண்ணி ஐந்து ரப்பர் மரக் கொட்டை வைக்கட்டும். ஒரு மூச்சு நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, இருபதிலிருந்து பத்து வரை சத்தமாகப் பின்னோக்கி எண்ணுங்கள். அப்போது முணுமுணுக்க முடியாது. அதற்குள் அண்ணி ஒன்றை இடம் மாற்றட்டும். எது என்று சொல்ல வேண்டும். இருபது தடவை. பிறகு அண்ணியும் செய்யட்டும்.

உங்கள் தங்கை
இருதயமேரி


சிலிபின்
22.3.1979

மேரிக்கு,

கொட்டை விளையாடும் வயதா எனக்கு? நாற்பத்திரண்டு ஆகிறது. பதினெட்டு வருடம் ஒருத்தரையும் இடிக்காமல் ஓட்டியிருக்கிறேன். டாக்டர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

உன் அண்ணி பெட்ரீசியா கடிதத்தைப் படித்துவிட்டு, “செஞ்சி பாத்தா என்னாங்க? கொட்டை கடிக்கவா போவுது?” என்கிறாள். குரங்குக்கும் எனக்கும் ஒரே மூளையா என்றேன். “அதையும்தான் பாத்துருவோமே” என்கிறாள்.

அக்கறையில் எழுதுகிறாய், தெரியும். இனி வேறு செய்தி எழுது.

அண்ணன்
ஸ்டானிஸ்லாஸ்


லீட்ஸ்
31.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் நேற்று வந்தது. 16ஆம் தேதிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. இன்னொரு முறை கேட்டு எழுதிப் பதில் வாங்க நாள் போதாது. அதனால் உங்கள் டாக்டருக்கு ஆஸ்பத்திரி விலாசத்தில் தனியாக எழுதி, இரண்டையும் இன்றே தபாலில் போடுகிறேன். முணுமுணுத்ததையும் பக்கக் கண்ணாடியையும் சொல்லியிருக்கிறேன்.

ரகசியம் என்று எழுதியதை மறக்கவில்லை. அந்தப் பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள். அண்ணே, கோபப்படுங்கள். ஓட்டாமல் இருந்தால் போதும்.

உங்கள் தங்கை
இருதயமேரி


சிலிபின்
1.4.1979

அன்புத் தங்கை மேரிக்கு,

போன கடிதத்தைச் சூட்டோடு எழுதிவிட்டேன். மனத்தில் வைக்காதே.

நேற்று மாலை செய்து பார்த்தோம். இருபதுக்குப் பெட்ரீசியா பதினெட்டு. நான் ஆறு. பார்க்காமலே குத்துமதிப்பாகச் சொன்னாலும் நாலு வரும். ஒரு தடவை அவள் மாற்றவே இல்லை என்று சண்டை பிடித்தேன். “மாதா சத்தியமா மாத்துனேங்க. நான் ஏன் பொய் சொல்றேன்?” என்று அழுதுவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எனக்கு அது நகர்ந்ததாகவே தெரியவில்லை.

டாக்டர் லீவில் இருக்கிறார். 10ஆம் தேதி வருகிறார். நேரில் போய், நடந்ததைச் சொல்லி, லைசென்சைக் கொடுத்துவிடப் போகிறேன். நானாகப் போய்ச் சொன்னால்தான் டிப்போவில் வேறு வேலை கேட்க முகம் இருக்கும். அதுவரை நீ யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதே.

உன் அண்ணன்
ஸ்டானிஸ்லாஸ்


சிலிபின்
11.4.1979

மேரிக்கு,

நேற்றுப் போனேன். சொல்ல வேண்டியதை மலாயில் ஒழுங்காகத் தயார் செய்து வைத்திருந்தேன். நான் உட்கார்ந்ததும் டாக்டர் உன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நானாகச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அகப்பட்ட பிறகு எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். என் எதிரிலேயே பஸ் கம்பெனிக்கு டெலிபோன் செய்தார். “மறைத்துவிட்டார்” என்று இரண்டு முறை சொன்னார். மறைத்த ஆளுக்கு டிப்போவில் வேறு வேலை கிடையாது என்று கம்பெனியில் இன்று காலை சொல்லிவிட்டார்கள்.

எனக்கு நீ எழுதியது இன்று மத்தியானம்தான் வந்தது. தேதியைப் பார்த்தேன்; யாரிடமும் சொல்லாதே என்று நான் எழுதியதற்கு முந்தின நாள். நீ செய்தது சரி. உன் இடத்தில் நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன்.

இனி வீட்டுச் செய்திகளைப் பெட்ரீசியா எழுதுவாள். பதிலை அவள் பெயருக்கே போடு.

ஸ்டானிஸ்லாஸ்