கிளீட்டஸ் மாமாவின் பெட்டியும் உன் முதல் ஓலையும்

பங்கு மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் பங்கைச் சேர்ந்த ரீத்தா அம்மாளின் மூக்குக்கண்ணாடி சென்ற செவ்வாய்க்கிழமை மாலை மீன்சட்டிக்குள் தவறி விழுந்து, அகப்பையின் கையால் மரணமடைந்தது. அடக்கம் வீட்டுக் கொல்லையில் நடந்தது. ஆகையால் மஸ்கட்டில் இருக்கும் அன்பு மகன் ஜிபினுக்கு அம்மா சொல்லச் சொல்ல, உன் தம்பி ஷிஜின் எழுதிக்கொள்வது.

மக்கா, இங்கே கடலும் நாங்களும் இந்த வாரம் கொஞ்சம் அடங்கி இருக்கிறோம், அங்கே வெயிலும் நீயும் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா கேட்கிறாள். அப்பா நேற்றுத்தான் மறுபடியும் ஆழ்கடலுக்குப் போனார், வர பத்துப் பன்னிரண்டு நாளாகும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்டேன். பார்சலுக்குள் கடிதம் இல்லாவிட்டால் அது வெறும் கருவாடு என்கிறாள். நாளைக்கு விமானம் ஏறும் ததேயுஸ் அண்ணன் கையில் நெத்திலிக் கருவாடும் மாங்காய் ஊறுகாயும் ஏத்தங்காய் வத்தலும் கொடுத்துவிடுகிறோம். கருவாட்டை அறையில் இருக்கும் மற்றவர்கள் முன்னால் பிரிக்காதே, போன தடவை வீட்டுக்காரன் வாசலுக்கு வந்தது போதும் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

இனி உன் கல்யாண விஷயம். நீ லீவில் வந்தபோது நாம் எல்லோரும் ஜின்சியைப் பார்க்கப் போனோமே, அன்று அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு வெள்ளி நிறப் பெட்டி இருந்தது நினைவிருக்கிறதா. மேலே ரெக்கார்டு, நடுவில் ரேடியோ, கீழே இரண்டு கேசட், பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர் என்று எல்லாம் சேர்ந்த பழைய மியூசிக் சிஸ்டம். ஜின்சியின் அப்பா கிளீட்டஸ் மாமா பஹ்ரைனில் முதல் சம்பளத்தில் வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அந்தப் பெட்டியை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும், மாமாவுக்கு வாய்தான் மரத்துப்போகாது. ரேடியோ கரகரக்கிறது, கேசட் சுற்றவே இல்லை, எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் பழைய இரும்பாக ஆக்கர் கடையில் போடச் சொல்கிறான் என்று அவர் வருத்தப்பட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். இது சின்ன வேலை மாமா, என்னிடம் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பெட்டி எப்பம் பாடுகோ, அப்பம் முதல் ஓலைய வாசிக்கச் சொல்லுகேன் மக்கா” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பது பெட்டியோடு ஊருக்கு வந்த பிறகுதான் புரிந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கப் பெண்வீட்டார் சம்மதம் சாமியாருக்குப் போக வேண்டும், அது போகவே இல்லை. அம்மா அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “ஒன் வாயி வச்ச வெனை அவன் கல்யாணத்துல வந்து நிக்கி” என்பதுதான் காலையில் என்னை எழுப்பும் மணி.

அண்ணா, அந்தப் பெட்டி என்னைப் படுத்திய பாட்டை எழுத இந்தத் தாள் போதாது. திறந்தால் உள்ளே கேசட்டைச் சுற்ற வைக்கும் ரப்பர் பெல்ட் உருகிக் கறுப்பு அல்வாவாகக் கிடந்தது. தொட்ட விரல் மூன்று நாள் கறுப்பு, பள்ளியில் ஓட்டுப் போட்டு வந்தாயா என்று கேட்டார்கள். சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டினேன், பாட்டு அலையில் வள்ளம் ஏறி இறங்குவதுபோல் ஏறி இறங்கியது. என் வகுப்பு ராஜகுமாரின் அப்பா கீரிப்பாறையில் பால்வெட்டுபவர், அவன் ஒரு பாட்டிலில் ரப்பர் பால் கொண்டுவந்தான், அதை டம்ளரின் மேல் ஊற்றிக் காயவைத்து வளையமாக உரித்து, உலகத்திலேயே புதிய பெல்ட் ஒன்று செய்தோம். அது கால் மணி நேரத்தில் சவ்வுமிட்டாயாக இழுபட்டுப் பாடகி பாடகராகிவிட்டார். அப்பா கரைக்கு வந்த அன்று, ரேடியோ முள்ளை நகர்த்தும் நூல் அறுந்திருப்பதைப் பார்த்து, இதுக்கா இவ்வளவு பாடு என்று தங்கூசி நரம்பை எடுத்துத் தூண்டில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். சூரை மீனுக்குப் போடும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும் என்று பெருமை வேறு. இறுகத்தான் செய்தது. முள் ஒரு மூலைக்குப் போய் நின்றது, நான் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்ப, சின்ன சக்கரமே பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. சூரை மாட்டிய கணக்காக அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு அழுகைதான் வந்தது, ஆனால் நான் அழவில்லை என்று எழுதிக்கொள்.

கடைசியில் வென்றது யார்? உன் தம்பி. போன சனிக்கிழமை கிளீட்டஸ் மாமா நம் வீட்டுக்கே வந்து, பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முள்ளுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, ரேடியோ பாடியது. குமிழைத் திருப்பத் திருப்ப ஒரு கரகரப்பு இல்லாமல் சத்தம் ஏறியது, இறங்கியது. எல்லாம் அவருக்குப் பிடித்த பழைய பாட்டு. “எந்த ஸ்டேஷன் மக்கா இது, செய்தியே வரல்ல” என்று மட்டும் கேட்டார். கேசட் சக்கரம் இன்னும் கொஞ்சம் மக்கர் செய்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை வண்டியில் ஏற்றி, போகிற வழியிலேயே சாமியாரிடம் சம்மதம் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு முதல் ஓலை. இஞ்சினியரிங் சேர்ந்தால் என்னைத்தான் பாடம் நடத்தச் சொல்லுவார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள், அன்று எனக்கு மீன்தலை கிடைத்தது.

மக்கா, கல்யாணம் முடிவான பையன் வெயிலில் அலைந்து கறுத்துவிடாதே, எண்ணெய் தேய்த்துக் குளி, வெள்ளிக்கிழமை பூசையை விட்டுவிட்டுத் தூங்காதே, லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, ஜின்சியிடம் போனில் அளவாகப் பேசு, அந்தப் பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. மாதா உன் தலைமேல் கை வைத்திருப்பாள். இதோடு அம்மா சொல்லி முடித்துவிட்டு, பார்சல் கட்ட சணல் தேடி அடுக்களைக்குப் போயிருக்கிறாள். கையெழுத்துக்கு இடம் விட்டு வை என்றாள். அந்த இடத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

அண்ணா, பெட்டி பாடவில்லை.

கொண்டுவந்தபோது கரகரவென்றாவது பாடிய ரேடியோவைக் கொன்றதே நான்தான். பின்பக்கத்தில் உப்புக்காற்றில் பிடித்த துருவைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அங்கே 110, 220 என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, அது 110 பக்கம் நகர்ந்ததைக் கவனிக்காமல் நம் வீட்டு 220 கரன்ட்டைக் கொடுத்தேன். புகை வந்தது. கருவாடு கருகுகிறதா என்று அம்மா அடுக்களைக்கு ஓடினாள், ஆமாம் என்றேன். சனிக்கிழமை பாடியது, தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லி நீ விட்டுப்போன ப்ளூடூத் ஸ்பீக்கர். உள்ளே டேப் போட்டு ஒட்டியிருந்தேன். விளக்கு, நம் கிறிஸ்துமஸ் குடில் நட்சத்திரத்தில் இருந்து கழற்றியது. மாமா குமிழைத் திருப்பும்போது நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று போனில் சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன்.

இதுவரை வெளியே வரவில்லை, காரணம் ஜின்சி மதினி. அந்த ஸ்பீக்கருக்கு நீ உன் பெயரையே வைத்திருக்கிறாய் அல்லவா, பெட்டி வீட்டுக்கு வந்த அன்று மதினியின் போனில் பக்கத்தில் ஜிபின் இருப்பதாகக் காட்டியதாம். பயந்துபோய்த் தேடி, பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டாள். “ஏலே ஷிஜின், எங்க அப்பா இந்தப் பெட்டியத் தொட்டுக் கும்பிடுகாரு, உள்ள நீ என்னத்தல வச்சிருக்க?” என்றாள். எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். இப்போது மாமா கோயிலுக்குப் போகும் நேரத்தில் அவளே சார்ஜ் போட்டு, சாயங்காலம் அவளே பாட்டு வைக்கிறாள். ஆனால் ஞாயிறு ஓலை வாசிக்கும்போது, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் கேட்பார், அதற்குள் நான் உன்னிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தானே எழுந்து சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். போனில் சொல்லலாம் என்றால் உன் சத்தம் அம்மாவுக்குக் கேட்கும். அதனால் கருவாட்டோடு அனுப்புகிறேன். நீ அங்கே பழைய சாமான் கடைகளில் அதே பெட்டியைத் தேடி, அதன் டிரான்ஸ்ஃபார்மரை மட்டுமாவது கொண்டு வா. மாமாவிடம் நீ சொல்லுகிறாயா, நான் சொல்லட்டுமா என்பதை சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு. நான்தான் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுகிறேன். சின்ன வேலை என்று மட்டும் இனி சொல்ல மாட்டேன்.

அம்மா சணலோடு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் எழுதினாயா என்று கேட்கிறாள், எல்லாம் எழுதினேன் என்றேன். இந்த மாதத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
அம்மா ரீத்தா
(கண்ணாடி இல்லாமல், படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து)